அக்காள் பறித்த குரங்குப் பானை

பிரிஞ்சாங் பக்கம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் கடைத்தெருவில் ஸ்ட்ராபெரி வாங்கியிருப்பீர்கள். தேயிலைச் சரிவில் நின்று படமும் பிடித்திருப்பீர்கள். அதற்கும் மேலே, பிரிஞ்சாங் மலையின் தலையில் ஒரு காடு இருக்கிறதே, பார்த்தீர்களா? அந்தக் காட்டைப் பற்றியும், அங்கே எங்கள் வீட்டார் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

1974-இல் நான் பள்ளியில் சேர்ந்தேன். அந்தக் காலத்துக் குளிர் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அம்மா காலைப் பெரட்டுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் போவார். பேசினால் வாயிலிருந்து புகை வரும். பள்ளிக்குச் சப்பாத்து வேண்டும் என்றார்கள். வீட்டில் காசு இல்லை. அக்காளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. படிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுத்துக்கொண்டு மலையேறினாள். மாலையில் திரும்பும்போது சாக்கு நிறையக் குடுவைச் செடிகள், வேரோடு! சாலையோரம் பரப்பி வைத்து, காரில் வந்தவர்களிடம் ஒன்று 50 காசு என்று விற்றாள். மூன்று ஞாயிறு கழித்து எனக்குச் சப்பாத்து வந்தது.

மலாய்க்காரர்கள் இந்தச் செடியைப் 'பெரியுக் கெரா' என்பார்கள். குரங்குப் பானை என்று பொருள். இலையின் நுனி நீண்டு, மூடி போட்ட பானையாகத் தொங்கும். தேனுக்கு ஆசைப்பட்டு வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழும். செடி அதைக் கரைத்துக் குடித்துவிடும். மண்ணில் சத்துக் கிடைக்காத இடத்தில் பிழைக்க அது கண்டுபிடித்த வழி. (ஏழைக்கு ஏற்ற புத்திதான்!) அக்காள் பறித்தவற்றில் ஒன்று, மலேசியத் தீபகற்பத்தின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இனம் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். விடியற்காலையில் ஓடையோரம் சீழ்க்கையடிக்கும் கருநீலக் குருவி ஒன்று உண்டு. அதற்கும் இந்தத் தீபகற்பத்து மலைகளே சொந்த ஊர்.

அந்த உச்சிக் காட்டில் மரங்கள் குட்டை. அடியிலிருந்து கிளை நுனிவரை பாசி படர்ந்திருக்கும். மேகம் வந்து மோதும்போது பாசி அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும். மழை இல்லாத நாளிலும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதென்றால், அதில் இந்தப் பாசியின் பங்கும் உண்டு. நம் லயத்துக் குழாயில் வந்ததும் மலைத் தண்ணீர்தானே?

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். அப்படியென்றால் காற்று ஒரு டிகிரி சூடேறினால், பழைய குளிரைத் தேடும் செடி 160 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உலகமோ 1800-களின் பிற்பாதியில் இருந்ததைவிட ஒரு டிகிரிக்கும் மேல் சூடாகிவிட்டது. பிரிஞ்சாங் மலையின் உயரம் 2,000 மீட்டருக்குச் சற்றே அதிகம். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் செடி எங்கே ஏறும்? கோஸ்தா ரிக்காவில் இதுபோன்ற மேகக் காடு ஒன்றில் பொன்னிறத் தேரை வாழ்ந்தது. 1989-க்குப் பிறகு அதை ஒருவரும் பார்க்கவில்லை. வறட்சியையும் ஒரு பூஞ்சை நோயையும் காரணமாகச் சொல்கிறார்கள்.

வெயிலை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. இன்று சரிவுகளில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் ஏணிப்படிபோல ஏறி நிற்கின்றன. மழை பெய்தால் மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. 1963-இல் கட்டி முடித்த ரிங்லெட் அணையில் சேறு சேர்ந்தது அப்படித்தான். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போனதை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். காய்கறிக்காரர்களைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசுகிறது. 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்தில் இந்தச் சரிவுகளும் காடுதானே? வெட்டிய கைகளில் நம் பாட்டன்மார் கைகளும் உண்டு. அவர்கள் காட்டின்மேல் பகை கொண்டு வெட்டவில்லை, கூலிக்கு வெட்டினார்கள்.

சென்ற ஆண்டு அக்காளை அழைத்துக்கொண்டு உச்சிக்குப் போகும் சாலையில் ஏறினேன். கொழுந்து பறித்தே தேய்ந்த முழங்கால். பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். கம்பளி கொண்டு வந்திருந்தாள், போர்த்தவில்லை. ஒரு திருப்பத்தில் நின்று சரிவையே பார்த்தாள்.

"இங்கதாண்டா தம்பி. கையை நீட்டினா பானை பானையா இருந்துச்சு."

அந்த இடத்தில் புல்லும் பெரணியும்தான் இருந்தன. அரைமணி நேரம் தேடினோம். இன்னும் மேலே, மரப்பொந்துப் பாசியில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு குடுவை கண்ணில் பட்டது. அக்காள் அதைத் தொடவில்லை. மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எறும்பு விழுந்து கிடக்கு" என்றாள்.

இறங்கும்போது, "அந்தச் சப்பாத்தை எத்தன வருஷம் போட்ட?" என்று கேட்டாள்.

"ஒன்றரை வருஷம்க்கா" என்றேன். அப்புறம் கால் வளர்ந்துவிட்டது.