மணலில் எழுதிப் பழகியவர்

அடுத்த மாதம் மேற்படிப்புக்காக புவனேஸ்வர் போகிறேன். அம்பாசமுத்திரத்தை விட்டால் நான் அதிகம் தங்கிய ஊர் பாளையங்கோட்டைதான், அதுவும் ஹாஸ்டலில். ஒடியாவில் ஒரு எழுத்து தெரியாது. இந்தியும் தட்டுத்தடுமாறித்தான். "பேச்சு தெரியாத ஊர்ல பசிச்சா என்னலே கேப்ப?" என்கிறாள் ஆச்சி. பதில் இல்லை. சரி, நமக்கு முன்னால் இப்படிப் போனவர்கள், வந்தவர்கள் எல்லாம் முதல் சில வாரங்களை எப்படித்தான் ஓட்டினார்கள் என்று தேடிப் படித்தபோது கிடைத்தவர் சீகன்பால்கு.

பாடப்புத்தகத்தில் அவர் ஒரு வரிதான்: தமிழ் அச்சு, தரங்கம்பாடி. ஆனால் அவர் வந்து இறங்கிய கதை சுவாரசியமானது. ஜெர்மனிக்காரர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, புளூட்சோ என்ற நண்பரோடு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி. ஏழு மாதத்துக்கு மேல் கடல்! அப்போது வயது 23.

வந்தவரை வரவேற்க ஆளில்லை. ஊர் டேனிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. மதப் பிரச்சாரம் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று கம்பெனிக்காரர்களுக்குக் கவலை. கவர்னர் ஹாசியுஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1708-இல் அவரை நான்கு மாதம் சிறையிலேயே போட்டார்! ஆக, கைவிட்டது சொந்த ஆட்கள்தான்.

அப்புறம் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்த வைத்தார். பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. பிறகு போர்த்துகீசு தெரிந்த அழகப்பன் என்பவரைப் பிடித்து அர்த்தம் கேட்டுக்கொண்டார்.

படித்து முடித்து பட்டம் வாங்கியவன் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்றால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். புது மொழியில் முதல் தடை இலக்கணம் இல்லை, இந்தக் கூச்சம்தான் என்று தோன்றுகிறது.

அவர் வந்தது மதம் மாற்ற. அது பிடிக்காதவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள், எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று. சொல்ல வந்தவர் காது கொடுத்துக் கேட்கவும் செய்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு புத்தகமே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த பெரியவர்கள், உன்னை அனுப்பியது இதற்கா என்கிற மாதிரி ஓரமாக வைத்துவிட்டார்கள். அது அச்சானது 1867-இல், சென்னையில். புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சு 1715-இலேயே முடிந்துவிட்டது. 1719-இல் தரங்கம்பாடியிலேயே இறந்தபோது அவருக்கு 36 வயதுதான்.

நம்ம பக்கத்திலும் ஆள் உண்டு. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ், திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றார். 1841-இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்குக் கிளம்பிய கால்டுவெல், ஜனங்களைத் தெரிந்துகொள்ள வழி நெடுக நடந்தே வந்தார். இருவரும் இந்தியாவில் கால் வைத்தபோது வயது அதே 23.

எனக்கு வயது 21. ஏழு மாதக் கப்பல் இல்லை, ரயில்தான். கையில் போன், அதில் மொழிபெயர்க்க ஆப். ஆனால் ஆப் சொல்லிக்கொடுக்காத ஒன்று உண்டு: சின்னப் பிள்ளைகள் நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிப்பது. ஹாஸ்டல் பக்கத்தில் ஏதாவது பெட்டிக்கடையில் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். எழுத்து எப்படியும் வந்துவிடும்.