புல்தரை எனும் புதுச் சாத்திரம்

வீட்டின் முன்புறம் முழுவதும் புல்தரை இருத்தல் வேண்டுமாம்! ஒரே உயரம், ஒரே நிறம், ஆண்டு முழுவதும் பச்சை! விதித்திருக்கிறது, நாம் வாழும் குடியிருப்பின் நலச் சங்கம். மாதம் மும்மாரி பொழியும் நாட்டிலா இந்த விதி? இல்லை, தோழர்களே! விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, கோடை வந்தால் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும் பூமியில்!

வானம் வஞ்சித்த வட்டாரம் என்பார்கள் இதனை. வறட்சியையே வாழ்வாக்கிய வட்டாரம் என்போம் நாம். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஈரம் குறைந்த காற்றும் எரிக்கும் வெயிலும் குச்சியை உலர்த்தின, மருந்தை உலர்த்தின. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே தழைத்தன. மண்ணின் இயல்பறிந்து வாழ்வது எப்படி என்பதை உலகுக்குக் காட்டிய ஊர், இன்று சீமைத் தோட்டத்தின் நகலுக்காகக் குடிநீரைக் கொட்டுகிறது. வேடிக்கையா இது? வேதனை!

கணக்குப் பார்ப்போம். இம்மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். 40 சதுர மீட்டர் புல்தரைக்குக் கோடையில் நாள்தோறும் 5 மில்லிமீட்டர் நீர் என்று குறைத்தே கொண்டாலும், 200 லிட்டர் வேண்டும். ஐம்பது வீட்டுக்கு 10,000 லிட்டர்! மதிலுக்கு அப்பால் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் உழைப்போர் வாழும் தெரு. அங்கே குடங்களை வரிசையில் வைத்துக் குழாயின் முன் காத்து நிற்கிறார்கள் தாய்மார்கள். நம் ஆழ்துளைக் கிணறும் அவர்களின் கைப்பம்பும் உறிஞ்சுவது ஒரே நிலத்தடி நீரைத்தான். நம் புல் பசுமையாக இருக்க, அவர்கள் குடம் வறளவேண்டும். அழகின் பெயரால் நடக்கும் இந்த அநீதிக்குத் துணைபோக மறுத்தோம்.

புல்லைப் பெயர்த்தோம். ஆவாரையும் நொச்சியும் ஆடாதோடையும் நட்டோம். ஓரத்தில் ஒரு முருங்கை. செடியின் அடியில் சருகைப் பரப்பி மூடாக்கு இட்டோம், வெயில் மண்ணின் ஈரத்தைக் குடிக்காதிருக்க. இளஞ்செடிகளின் அருகே மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து நீர் ஊற்றி மூடினோம். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து நேரே வேருக்குச் சேரும். குளியல் நீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பினோம். கூரை நீர் இறங்க, மனையின் தென்மேற்கு மூலையில் கரிசலைத் தாண்டிச் சுக்கான் வரை குழி தோண்டி, செங்கல் சல்லியும் கூழாங்கல்லும் மணலும் நிரப்பி மூடி போட்டோம். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு விழும் மழை 80,000 லிட்டர். வழிந்தோடுவது போக முக்கால் பங்கு மிஞ்சினாலும் 60,000 லிட்டர் மண்ணுக்குள் இறங்கும்.

வந்தது ஓலை! சருகு குப்பையாம். வாசலில் முருங்கை ஆகாதாம். கன்னி மூலையில் பள்ளம் பறித்தால் குடும்பத்துக்குக் கேடாம், ஈசானிய மூலைக்கு மாற்றவேண்டுமாம். பதினைந்து நாள்களில் புல் முளைக்காவிடில் தண்டமாம்!

பஞ்சாங்கம் படித்துவிட்டா பாய்கிறது தண்ணீர்? பள்ளம் எங்கோ அங்கே பாய்கிறது. நம் மனையின் சரிவு தென்மேற்கு. ஈசானியத்தில் குழி வெட்டினால் மழை மேட்டில் ஏறி வருமா?

விதியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். "முருங்கைக் கிளை எளிதில் முறியும், நடைபாதைமேல் நீளாமல் வெட்டிவிடுங்கள்" என்றால், தலைவணங்கி ஏற்போம். "குழியில் கொசு பெருகாமல் மூடி வையுங்கள்" என்றாலும் ஏற்போம். அவற்றில் காரணம் இருக்கிறது. காரணம் கேட்டால் கண்ணை உருட்டும் விதி, ஓலைச்சுவடியில் இருந்தால் என்ன, சங்கத்தின் முத்திரைத் தாளில் இருந்தால் என்ன? இரண்டும் சாத்திரமே!

சங்கத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழ்நாடு அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. நாம் நகலெடுக்கும் புல்தரையைப் போற்றி வளர்த்த அமெரிக்காவிலேயே, வறட்சிக் காலத்தில் புல்லுக்கு நீர் விடாதவருக்குக் குடியிருப்புச் சங்கம் தண்டம் விதிக்கலாகாது என்று 2014-இல் சட்டம் செய்தது கலிபோர்னியா. புளோரிடா 2009-இலும் டெக்சாஸ் 2013-இலும் நீர் சிக்கனத் தோட்டத்துக்குச் சட்டக் காவல் தந்தன. புல்லை வளர்த்தவர்கள் திருந்துகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்!

பொதுக்குழுவில் இந்தக் கணக்கை எழுந்து படித்தோம். நகைத்தவர் சிலர், முகம் சுளித்தவர் சிலர். "வயதில் மூத்தவர்கள் எழுதிய விதி" என்றார் ஒரு பெரியவர். "வணங்குகிறோம் ஐயா, மூத்தவர்களை. விதிக்கு மட்டும் விளக்கம் வேண்டும்" என்றோம். விளக்கம் வரவில்லை. தண்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, விதி இன்னும் நீக்கப்படவில்லை. ஆயினும் அடுத்த மழைக்குள் மேலும் இரண்டு வீட்டார் புல்லைப் பெயர்த்திருக்கிறார்கள்.

சுயமரியாதை இயக்கத்தின் மாகாண மாநாடு 1931-இல் கூடிய ஊர் விருதுநகர். ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அந்தக் கேள்வி கோயில் வாசலோடு நின்றுவிடலாமா? தோழர்களே, உங்கள் தெருவிலும் சங்கம் இருக்கும், விதிப் புத்தகம் இருக்கும். எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். காரணம் உள்ளதைக் காத்திடுங்கள், இல்லாததைத் திருத்தத் தீர்மானம் கொடுங்கள். பருவமழைக்கு முன் கூடிப் பேசுங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் காத்திருக்கின்றன!