வேலியைத் தின்ற உப்பு

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். வேதாரண்யத்தில் அந்த வீட்டுப் பெரியவர் பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டுமே என்று வேலிக் கம்பியைப் பிடித்தார். கம்பி கையோடு வந்துவிட்டது.

விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அவர் மனைவி அந்தக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெளியே பளபளவென்று பச்சை பெயிண்ட். உள்ளே இரும்பே இல்லை. பழுப்பு நிறத்தில் பொருக்குத் தூள். இத்தனை நாளும் கம்பி மாதிரி நின்றுகொண்டிருந்தது வெறும் பெயிண்ட்தான்.

அடுத்த மாதம் அரைப் பரீட்சை லீவுக்குப் பேத்தி வருவாள். அவளுக்கு ஆறு வயது. வந்த நாள் முதல் அந்த வேலியில் ஏறி நின்றுதான் தெருவை வேடிக்கை பார்ப்பாள். அதை நினைத்ததும் அந்த அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "பேசாம அலுமினியத்துல போட்டுடலாம்மா. இங்கே கடற்கரைப் பக்கம் நிறைய வீட்டுல அதான் போடறாங்க."

கட்டிலில் படுத்திருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அலுமினியமா? இட்லிப் பானையைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தப் போறீங்களா? கை சரியாகட்டும். நல்லா தேய்ச்சு ஒரு கோட்டிங் அடிச்சா இன்னும் பத்து வருஷம் நிக்கும்."

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உப்பளத்தில் மேஸ்திரியாக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த ஊர் இது. இங்கே உப்புதான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சோறு போட்ட அதே உப்பு காற்றில் ஏறி வந்து வாசல் கேட்டையும் ஜன்னல் கொக்கியையும் சைக்கிள் செயினையும் தின்னும். அதனால் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் அவர் கம்பி பிரஷ், உப்புத்தாள், ரெட் ஆக்ஸைடு, பச்சை எனாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேலி முன்னால் உட்கார்ந்துவிடுவார். "ஊரெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிச்சா, இவர் மட்டும் பச்சையடிப்பார்" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த வேலி எங்கே ஏமாற்றியது?

இரும்பில் வரும் துரு பஞ்சு மாதிரி. ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலே இருக்கும் பெயிண்டைத் தூக்கிவிடும். அந்த இடுக்கில் மறுபடி ஈரம் இறங்கும். உப்பைச் சுத்தமாகக் கழுவாமல் மேலே பெயிண்ட் அடித்தால், எதிரியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தின கதைதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பக்கத்து மாமரம் விழுந்து வேலி வளைந்தது. ஊரே இடிந்து கிடந்த நேரம். கிடைத்த வெல்டரை வைத்து அவசரமாக ஒட்டினார்கள். வெல்டிங் சூட்டில் சுற்றிலும் பெயிண்ட் கருகிப்போனது. குழாயின் உட்பக்கம் பிரஷ் நுழையவே வழியில்லை. கையோடு வந்த கம்பி அங்கே இருந்ததுதான்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எதையும் விசாரிக்காமல் முடிவெடுக்க மாட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஜி.ஐ. குழாய் விலை குறைவு. அதன் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு உள்ளூர்களில் நீண்ட நாள் தாங்கும். கடலோரத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். கான்கிரீட் தூண் நட்டு முள்கம்பி கட்டலாம். ஆனால் தூணுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பினால் தூணே வெடிக்கும். எவர்சில்வரில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் கடல் காற்றில் டீக்கறை மாதிரி பழுப்பு பிடிக்கும். 316 ரகம் தாக்குப்பிடிக்கும்; ஆனால் பென்ஷன் பணத்தில் எட்டாது.

கடைசியில் அலுமினியம். டவுனில் ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னார்: "டீச்சர், துருங்கற பேச்சே கிடையாது. போட்டுட்டு மறந்துடலாம்."

அந்த அம்மா கேட்டார்: "அலுமினியச் சட்டியில புளிக்குழம்பை ராத்திரி பூரா வெச்சிருந்தா அடியில புள்ளி புள்ளியா குழி விழுதே தம்பி, அது எதனால?"

கடைக்காரர் பேச்சை மாற்றி கேட்டலாக்கைக் காட்ட ஆரம்பித்தார். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பதில் சொன்னது அவரிடம் எட்டாம் வகுப்பில் படித்த பையன். இப்போது நாகப்பட்டினத்தில் அலுமினிய வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். பெரியவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவனிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். அலுமினியமும் கெடும். ஆனா இரும்பு மாதிரி கெடாது. அது மேல காத்துப் பட்ட உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகும். அதுவே அதுக்குக் கவசம். உப்பு தேங்கி நின்னா அந்தக் கவசத்துல அங்கங்கே ஓட்டை விழும், வெள்ளையா பூக்கும். உப்பைத் தேங்க விடாம பார்த்துக்கிட்டா பல வருஷம் இருக்கும்."

பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். வேலிக்கு 6063 ரக அலுமினியம் கேட்டு வாங்க வேண்டும். மேலே பவுடர் கோட்டிங் அறுபது மைக்ரானுக்குக் குறையக் கூடாது. கோட்டிங் அடிக்கும் முன் ரசாயனத்தில் கழுவிப் பதப்படுத்தினார்களா என்று கேட்க வேண்டும். அந்த வேலையில் கை வைத்தால்தான் ரெண்டு வருஷத்தில் தோல் உரியும். வாசலில் வைத்து அறுக்கிற, துளை போடுகிற இடங்களையெல்லாம் அன்றைக்கே டச்சப் செய்துவிட வேண்டும்.

"ஸ்குரூவுல காசு மிச்சம் பண்ணாதீங்க டீச்சர். சாதா இரும்பு ஸ்குரூ போட்டா அதுவும் துருப்பிடிக்கும், பக்கத்துல இருக்கிற அலுமினியத்தையும் அரிக்கும். ரெண்டு உலோகம் ஒட்டி நின்னு நடுவுல உப்புத்தண்ணி இருந்தா, அலுமினியம்தான் அடிவாங்கும். அதனால 316 ஸ்குரூ, இடையில நைலான் வாஷர். அது மாதிரி ஈர சிமென்ட்டும் அலுமினியத்துக்கு ஆகாது. காரம். தூணோட அடியில தார் பெயிண்ட் பூசித்தான் இறக்கணும். தூண் தலையில மூடி, அடியில தண்ணி வடிய ஒரு துளை."

பெரியவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "மெலிசா இருக்குமே. மாடு முட்டினா?"

"இரும்பு அளவுக்கு விறைப்பு கிடையாதுங்கய்யா, மூணுல ஒரு பங்குதான். அதனால கனமான தகடுல தூண் எடுத்து, ஆறடிக்கு ஒண்ணா நடணும். கம்பிக்குக் கம்பி நாலு அங்குலத்துக்குள்ள இருக்கணும், குழந்தை தலை மாட்டக் கூடாது. தகடு அடைக்க வேணாம். புயல்ல காத்து ஊடே போயிடணும்."

பெரியவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரும்பைவிட நிறையவே கூடுதல். வீட்டைச் சுற்றிப் போட வழியில்லை. வாசல் பக்கம் நாற்பது அடியும் கேட்டும் மட்டும் அலுமினியம். கொல்லைப்புறத்தில் தலைமுறையாக நிற்கும் கிளுவை வேலி அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

அன்று இரவு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷம் நான் அடிச்ச பெயிண்டெல்லாம் வீண்தானா?"

அப்போதுதான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அவர் அலுமினியத்தை எதிர்க்கவில்லை, செலவுக்கும் பயப்படவில்லை. உப்பள வேலை முடிந்து, முட்டி வலியில் சைக்கிளும் போய், அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த மார்கழி வேலை ஒன்றுதான். வேலியோடு அதுவும் போய்விடுமோ என்ற பயம்.

"வீணா? நீங்க அடிக்கலேன்னா இது பத்து வருஷத்துல விழுந்திருக்கும். நம்ம பொண்ணு ஏறி விளையாடினது இதுலதானே? அவ ஒரு நாள் விழுந்தாளா, சொல்லுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் காலையில், "பழைய இரும்பை எடைக்குப் போடறப்போ என்னைக் கூப்பிடு. தராசை நான் பார்க்கணும்" என்றார்.

லீவுக்கு வந்த பேத்தியை அந்த முறை வேலிப் பக்கமே விடவில்லை. தை பிறந்ததும் வேலை நடந்தது. பழைய கேட்டைத் திறக்க ஒரு ஆள் தூக்கித் தள்ள வேண்டும். புதிய கேட்டை அந்த அம்மா ஒரு கையால் திறந்தார். நிறம் பெரியவர் தேர்வு. பச்சைதான்.

எல்லாம் முடிந்ததும் பட்டறைக்காரப் பையன் பெரியவரிடம் வந்து, "ஐயா, இதுக்குப் பெயிண்ட் வேணாம். ஆனா வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில குளிப்பாட்டணும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஆகாது. முக்கியமா அந்தத் தாழ்வாரத்துக்குக் கீழ இருக்கிற பக்கம். மழை படாத இடத்துலதான் உப்பு கழுவுப்படாம தங்கும். ஸ்குரூ தளர்ந்திருக்கா, எங்கேயாவது கோட்டிங் பேந்திருக்கான்னு நீங்கதான் பார்க்கணும். டீச்சருக்கு அதெல்லாம் தெரியாது" என்றான்.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். பெரியவர் உட்கார்ந்தபடியே வேலிக்குத் தண்ணீர் பீய்ச்சுவார். முழு ஆண்டு லீவுக்கு வந்த பேத்தி குறுக்குக் கம்பியில் ஏறி நின்று தெருவைப் பார்த்தாள். வேலி அசையவில்லை. அவர் தாழ்வாரப் பக்கத்துத் தூணை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு இன்னும் இருக்கு பாப்பா. இறங்கு, இன்னொரு தடவை அடிக்கணும்."

பேத்தி இறங்கி ஓடி வந்து ஹோஸின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.