பென் டிரைவில் ஒரு கல்யாணம்

அக்கா மகள் கல்யாணம், ஆவடி சி.டி.எச். ரோட்டில் மண்டபம். பாட்டுப் பொறுப்பு தாய்மாமன் என் தலையில்.

முகூர்த்தத்துக்கு நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் நாதஸ்வரம். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ரிசப்ஷனுக்குத்தான் சண்டை. அக்காவுக்கு 1961 ‘பாசமலர்’ படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு வேண்டும். கண்ணதாசன் வரி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. அந்தக் குரலில் கேலியும் கொஞ்சலும் சரிபாதி. (அந்த அண்ணன் தங்கை கதை எப்படி முடிகிறது என்று எந்தக் கல்யாண வீடும் யோசித்ததில்லை!) டேங்க் ஃபேக்டரியில் ரிடையரான மாமாவுக்கு 1962 ‘சாரதா’. பொண்ணு அனிருத்தில் ஆரம்பித்து, பேரம் பேசி, 1990 ‘பணக்காரன்’ இளையராஜா வரை இறங்கி வந்தாள்.

சவுண்ட் சர்வீஸ் தம்பி கேட்டது ஒன்றுதான்: “சார், பந்தி நேரத்துல வால்யூமைக் குறைச்சிடவா? சாம்பார் கேட்டா காதுல விழணும்ல?”