அக்கா கொண்டு வந்த பெட்டியும் அப்பாவின் சர்க்கரையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தாலோ, வெளிநாட்டில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இருந்தாலோ கடைசி வரை படித்து விடுங்கள்.

போன ஜூலையில் அக்கா நியூஜெர்சியில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். நாலு வருசம் கழித்து வருகிறாள். இரண்டு பெரிய பெட்டி. ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் முக்கால்வாசி இனிப்பு பாக்கெட்டுகள்.

சாக்லேட்டும் பாதாமும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ வேறு. ட்விங்கி, பாப் டார்ட், லிட்டில் டெபி ஓட்மீல் க்ரீம் பை. "உன் மருமகன்தான்டா எல்லாம் எடுத்து வச்சான். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது, காட்டணுமாம்" என்றாள் அக்கா.

மருமகனுக்கு ஒன்பது வயது. அன்று இரவு நான் டூட்டி முடித்து வந்ததும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

முதலில் ட்விங்கி. விரல் மாதிரி நீளமான மஞ்சள் கேக். திருப்பிப் பார்த்தால் அடியில் மூன்று ஓட்டை. அது வழியாகத்தான் உள்ளே க்ரீமைச் செலுத்துகிறார்கள். எனக்கு ஊசி போட்ட இடம் மாதிரியே தெரிந்தது. தொழில் புத்தி!

கடித்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. மெல்லவே வேண்டாம், தானாகக் கரைகிறது. வெனிலா வாசம், நல்ல இனிப்பு. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கிடைக்கும் க்ரீம் பன்னுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது பாப் டார்ட். உள்ளே ஸ்ட்ராபெர்ரி ஜாம், மேலே சர்க்கரைப் பூச்சு. "மாமா, இத டோஸ்டர்ல வச்சு சாப்பிடணும்" என்றான். எங்கள் வீட்டில் டோஸ்டர் ஏது? அம்மா தோசைக்கல்லில் வைத்துச் சூடு காட்டி எடுத்தார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் கொதிக்கும் ஜாம். நாக்கைச் சுட்டுக் கொண்டேன். ஆனால் நல்லாவே இருந்தது.

மூன்றாவது ஓட்மீல் க்ரீம் பை. மெத்தென்ற இரண்டு ஓட்ஸ் பிஸ்கட், நடுவில் க்ரீம். கரும்புப் பாகு வாசம் வந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு தின்றேன். பொய் சொல்ல விரும்பவில்லை.

தின்றதோடு விடாமல் இதன் கதையையும் தேடிப் படித்தேன். ட்விங்கியை 1930-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜேம்ஸ் டேவர் என்ற பேக்கரிக்காரர் உருவாக்கினார். ஸ்ட்ராபெர்ரி கேக் செய்யும் அச்சுகள் சீசன் முடிந்ததும் சும்மா கிடந்தன. அதில் வேறு ஏதாவது சுடலாமே என்று யோசித்தார். பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த நேரம். ஒரு பாக்கெட்டில் இரண்டு கேக், விலை ஐந்து சென்ட். உள்ளே முதலில் இருந்தது வாழைப்பழ க்ரீம். இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழம் கிடைக்காமல் போய் வெனிலாவுக்கு மாறியது, அப்படியே நின்றுவிட்டது.

லிட்டில் டெபி 1960-ல் வந்தது. டென்னசியில் மெக்கீ குடும்பம் நடத்திய பேக்கரி. பாக்கெட்டில் சிரிக்கும் சிறுமி அவர்களுடைய நாலு வயதுப் பேத்தி. பாப் டார்ட் 1964-ல் கெல்லாக்ஸ் கொண்டு வந்தது.

பாருங்கள், எல்லாமே சாதாரண மக்களுக்காக, குறைந்த விலையில், பள்ளிக்கூடப் பைக்குள் போவதற்காகச் செய்யப்பட்டவை. நமக்கு எப்படி கடலை மிட்டாயும் தேன் மிட்டாயும் சின்ன வயசு ஞாபகமோ, அப்படி அவர்களுக்கு இது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

"இதெல்லாம் கெட்டே போகாதாம்ல, அவ்வளவு கெமிக்கலா?" என்று அம்மா கேட்டார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கெட்டுப் போகும். ட்விங்கிக்கு ஆயுள் சில வாரங்கள்தான்.

அத்தனை வாரம் எப்படித் தாங்குகிறது? பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரத் தண்ணீர் வேண்டும். சர்க்கரை அதிகமாக இருந்தால் அந்தத் தண்ணீரை அதுவே பிடித்து வைத்துக் கொள்ளும், கிருமிக்கு மிச்சம் கிடைக்காது. பால், வெண்ணெய்க்குப் பதில் கெடாத கொழுப்பு. கூடவே பூஞ்சையைத் தடுக்கும் சோர்பிக் அமிலம், காற்றுப் புகாத உறை. இதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பாகு பதம் பார்த்து அதிரசம் சுட்டு வாரக்கணக்கில் தூக்குவாளியில் வைத்திருந்த பாட்டிக்கும் இந்த சூத்திரம் தெரியும்.

பாக்கெட்டைத் திருப்பி லேபிள் படித்தேன். நீங்களும் இந்தப் பழக்கத்துக்கு வாருங்கள். இரண்டு ட்விங்கியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை சுமார் 30 கிராம். இரண்டு பாப் டார்ட்டிலும் கிட்டத்தட்ட அதே 30 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம் என்றால், ஏழு டீஸ்பூனுக்கு மேல்.

ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரு பாக்கெட்டிலேயே அந்த 25 தாண்டிவிடுகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ட்விங்கி லேபிளில் மாட்டுக் கொழுப்பு. பாப் டார்ட்டில் ஜெலட்டின். அமெரிக்க பாக்கெட்டில் நம்ம ஊர் மாதிரி பச்சைப் புள்ளி இருக்காது, பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொடுக்கும் முன் படித்துச் சொல்லிக் கொடுங்கள். அம்மாவிடம் சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை. "நல்லவேள, நான் வாயில வைக்கல" என்றார்கள்.

இதுவரை சொன்னது சிரிக்கச் சிரிக்க நடந்த கதை. இனிமேல்தான் விஷயம்.

அப்பாவுக்கு வயது 67. அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். 18 வருசமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின். கட்டுப்பாடான மனுசன். சாப்பாட்டுக்கு முன் காலைச் சர்க்கரை 120, 130 என்று அழகாக இருக்கும். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அக்கா கிளம்பிப் போனாள். மிச்ச பாக்கெட்டுகளை அம்மா எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரத்தில் இருந்து அப்பாவின் காலைச் சர்க்கரை ஏறத் தொடங்கியது. 180. 196. ஒரு நாள் 214.

காய்ச்சல் இல்லை. காலில் புண் இல்லை. சிறுநீர்த் தொற்று இல்லை. "இன்சுலின் ஒழுங்கா போடுறீங்களாப்பா?" என்றேன். "போடுறேன்" என்றார். "வெளிய எதுவும் சாப்பிடுறீங்களா?" "இல்ல." அவ்வளவுதான் விசாரணை. கேட்ட தொனியே போலீஸ் ஸ்டேசன் தொனி. அதற்கு யார் உண்மை சொல்வார்கள்?

இரவு இன்சுலினை நாலு யூனிட் ஏற்றினேன். கொஞ்சம் குறைந்தது. "மகன் டாக்டரா இருக்கிறதுல இதான் வசதி" என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அதிகாலை நாலு மணிக்கு அம்மா வந்து எழுப்பினார்கள். "அப்பா என்னமோ மாதிரி பேசுறாருடா." ஓடினேன். பனியன் முழுக்க வியர்வை. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து "டிக்கெட் எடுத்தாச்சா?" என்கிறார்.

விரலில் குத்திப் பார்த்தேன். 52.

விழுங்கும் நிலையில் இருந்தார், அதுவரை பிழைத்தோம். நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்து 88. அதற்குப் பிறகு இரண்டு இட்லி. அந்த 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று ஒரு மகனாக அன்றுதான் தெரிந்தது. வார்டில் இதே விஷயத்தை எத்தனையோ முறை கைநடுங்காமல் செய்திருக்கிறேன்.

ஏன் இறங்கியது? புரியவில்லை. மதியம் அம்மா வீடு கூட்டும்போது பதில் கிடைத்தது. அப்பாவின் பழைய தோல் பை, நடத்துனராக இருந்தபோது தோளில் மாட்டியது, இன்னும் ஆணியில் தொங்குகிறது. அதற்குள் பதினோரு காலி உறைகள். டிக்கெட் கட்டு மாதிரி அழகாக மடித்து அடுக்கி வைத்திருந்தார்.

கணக்கு நேராகிவிட்டது. தினம் இரவு படுக்கப் போகும்போது ஒன்று. அதனால் காலைச் சர்க்கரை ஏறியது. காரணம் தெரியாமல் நான் இன்சுலினை ஏற்றினேன். டப்பா காலியானது. இனிப்பு நின்றது, ஏற்றிய இன்சுலின் நிற்கவில்லை. அதிகாலையில் சர்க்கரை கீழே விழுந்தது.

இதில் பாக்கெட் மேல் தப்பு இல்லை. லேபிளில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. அப்பா மேலும் முழுத் தப்பு இல்லை. சரியாகக் கேட்காமல் மருந்தை ஏற்றியது நான்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"பேரன்கிட்ட போன்ல பேச எனக்கு என்னடா இருக்கு? சாப்டியாடான்னா 'யெஸ் தாத்தா'ங்கிறான். அதோட பேச்சு முடிஞ்சிருது. ஒரு நாளு அந்த மஞ்ச கேக்கு நானும் சாப்பிட்டேன்டா, நல்லாருந்துச்சுன்னேன். அன்னைக்கு பத்து நிமிசம் பேசுனான். அடுத்து எது சாப்பிடணும்னு அவனே சொன்னான். ஒவ்வொண்ணா சாப்பிட்டு அவன்ட்ட சொல்லிட்டு இருந்தேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை வருசம் படித்ததில் இதற்குப் பதில் இல்லை.

சரி, இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்ல வருகிறேன்?

ஒன்று. திடீரென்று சர்க்கரை ஏறினால் மருந்தை ஏற்றும் முன், என்ன மாறியது என்று பாருங்கள். டாக்டரிடம் "எதுவும் சாப்பிடல" என்று சொல்லாதீர்கள். அதை நம்பி நாங்கள் மருந்தை ஏற்றுவோம். மறைத்துச் சாப்பிட்ட இனிப்பை விட, அதற்காக ஏற்றிய இன்சுலின் ஆபத்து.

இரண்டு. இன்சுலின் போடுபவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் முதலில் சர்க்கரை இறங்கியதாகத்தான் நினைக்க வேண்டும். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சுமார் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதனை. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். உடனே 108.

மூன்று. "ஒண்ணுதானே" என்று ஆரம்பித்து ஏன் நிற்க முடியவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக் கொள்ள வேண்டாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலை உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. பரிமாறியதில் கலோரியும் சர்க்கரையும் ஒரே அளவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்லாமலே கரைகிற உணவில் வயிறு "போதும்" சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும். இது நம்ம ஊர் தேன் கேக்குக்கும் க்ரீம் பன்னுக்கும்கூடப் பொருந்தும். அமெரிக்காவைத் திட்டிவிட்டு ஜாங்கிரிக்குக் கை நீட்டினால் கணையத்துக்கு வித்தியாசம் தெரியாது.

நான்கு. இது டாக்டராகச் சொல்வது இல்லை. முதியவர்கள் ஒளித்துச் சாப்பிடுவது எப்போதும் நாக்குக்காக மட்டும் இல்லை. காரணத்தைக் கேளுங்கள். கேட்கும்போது குரலைத் தாழ்த்துங்கள்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. இன்சுலின் பழைய அளவுக்கு வந்துவிட்டது. காலைச் சர்க்கரை மறுபடி 130 பக்கம். அக்காவிடம் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரே ஒரு பாக்கெட் கொடுத்து விடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டு, சாப்பாடு முடிந்த கையோடு கேக்கில் கால் பங்கு. சர்க்கரை கணக்கில் ஒரு டீஸ்பூன். (இது அப்பாவுக்கான கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.) சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே விடிந்த பிறகு, வீடியோ கால்.

போன வாரம் பேரன் கேட்டான். "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருக்கும்போது என்ன ஸ்நாக்ஸ் சாப்பிட்டீங்க?"

அப்பா கமர்கட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இருபத்தைந்து நிமிடம். அக்காதான் "ஸ்கூல் பிராஜெக்ட் இருக்குப்பா" என்று போனை வாங்கினாள்.

அடுத்த முறை அவள் ஊருக்கு வரும்போது கமர்கட்டு வாங்கி வைக்க வேண்டுமாம். இப்போதே எனக்கு உத்தரவு வந்துவிட்டது.