பி சைடில் மிஞ்சிய இடம்

1986-இல் திருச்சியில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நாம் எழுதிக் கொடுத்த லிஸ்ட் முடிந்தும் நாடா மிஞ்சினால், அதை வெறுமனே விடமாட்டார்கள். தங்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பித் தருவார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்த ‘விக்ரம்’ படக் கேசட்டின் பி சைடு முடிவில் அப்படி வந்து உட்கார்ந்தது ஓர் இங்கிலீஷ் பாட்டு. அட்டையில் பெயர் இல்லை. மூச்சும் பாட்டுமாகக் கலந்த ஆண்குரல், அடியில் விடாமல் துள்ளும் பேஸ், நடுநடுவே கீபோர்டில் ஒரு மெட்டு. அந்த மெட்டு பல வருஷம் என்னை விடவில்லை.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி வந்ததும் முதலில் இதைத்தான் கேட்கவைத்தேன். பிளேயரின் பெல்ட் தளர்ந்து சுருதி இறங்கிக் கிடந்ததால் அது கைவிரித்துவிட்டது. பிறகு உறையூரில், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த பெரியவர் ஒருவரிடம் போனேன். கொஞ்சம்தான் கேட்டார். “பாடறது இங்கிலீஷ்தான் தம்பி. ஆனா ஆளுங்க இத்தாலிக்காரங்க” என்றார். கல்யாணக் கச்சேரியில் இந்த மெட்டை அவரே வாசித்திருக்கிறாராம். சவுதியிலிருந்து லீவில் வந்தவர்கள் விரும்பிக் கேட்பார்களாம்.

அந்த நுனியைப் பிடித்துப் போனதில் பெயர் கிடைத்தது: ‘டோல்சே விட்டா’, 1983. பாடியவர் ரயன் பாரிஸ். அது மேடைப் பெயர்தான். ஃபாபியோ ரோஷோலி என்ற ரோம் நகரத்துக்காரர் அவர். இசை பியர்லூயிஜி ஜியோம்பினி. அவரோடு சேர்ந்து எழுதியவர் பால் மாட்சோலினி. ‘கசேபோ’ என்ற பெயரில் பாடியவர். அதே ஆண்டு அவர் பாடிப் புகழ்பெற்ற ‘ஐ லைக் ஷோபின்’ பாட்டுக்கும் ஜியோம்பினியே இசை. ‘டோல்சே விட்டா’ என்ற தலைப்பு, இயக்குநர் ஃபெலினியின் 1960 படத்தை நினைவூட்டுவது. அந்தப் பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 5-ஆம் இடம்வரை ஏறியது. இத்தாலோ டிஸ்கோ என்று இந்த வகைக்குப் பெயர். இத்தாலியரான ஜியார்ஜியோ மொரோடர் 1977-இல் ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் சின்தசைசரையே தாளமும் பேஸுமாக ஓடவிட்டாரே, அங்கிருந்து கிளைத்தது.

பெயர் கிடைத்த பிறகும் ஒன்று உறுத்தியது. ‘விக்ரம்’ பாட்டுகளை அடுத்து இது ஏன் அத்தனை இயல்பாகப் பொருந்தியது? பதில் கருவிகளில் இருந்தது. வெவ்வேறு கம்பெனிக் கீபோர்டுகளும் டிரம் மெஷின்களும் ஒன்றோடொன்று பேச வழிசெய்த மிடி, 1983-இல் வந்தது. யமஹா டி.எக்ஸ்.7 கீபோர்டு வந்ததும் அதே ஆண்டு. சில வருஷத்துக்குள் உலகத்து ஸ்டூடியோக்களெல்லாம் ஒரே வகைக் குரலில் ஒலிக்க ஆரம்பித்தன. சென்னையும் பின்தங்கவில்லை. ‘புன்னகை மன்னன்’ படத்தின் தீம் இசைக்கு இளையராஜா யமஹா சி.எக்ஸ்.5எம் என்ற கணினியைப் பயன்படுத்தினார். அதை இயக்கியவர் அப்போது திலீப் என்றிருந்த ஏ.ஆர். ரஹ்மான். இளையராஜா இசையில் ‘விக்ரம்’ வெளிவந்ததும் அதே 1986-இல்தான். கமல்ஹாசனே பாடிய அதன் தலைப்புப் பாட்டில் எந்திரம் கூச்சமில்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. ஏவுகணையும் கணினியுமாக அந்தக் கதையை எழுதிய சுஜாதா, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றும் பெருமை.

யாரைப் பார்த்து யார் எடுத்தார் என்று இங்கே வழக்காட எதுவுமில்லை. கருவி ஒன்று, கை வேறு. இளையராஜா எந்திரத்தின் மேல் அடுக்கடுக்காகக் கட்டுகிறார். ஜியோம்பினி ஒரே மெட்டை நம்பி நிற்கிறார். எந்திரத்தை அணைத்துவிட்டு நாகஸ்வரத்தில் வாசித்தாலும் நிற்கக்கூடிய மெட்டு அது. ஒற்றைப் பாட்டுக்காரர் என்று ரோஷோலியை ஒதுக்குகிறவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்பேன்.

‘டோல்சே விட்டா’வை ஹெட்போனில் போடுங்கள். முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது முடிந்த கையோடு ‘விக்ரம்’ தலைப்புப் பாட்டைக் கேளுங்கள்.