மடவை குட்டி போட்ட வாரம்

திங்கள்

எங்கள் பூனை மடவையின் வயிறு நன்றாக இறங்கிவிட்டது, காம்புகள் சிவந்திருக்கின்றன. பூனைக்குச் சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். எப்படிக் கணக்குப் போட்டாலும் இந்த வாரம்தான். அரிசி டின்னுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று இடம் தேடிக்கொண்டே இருக்கிறது. நாம் ஓர் இடம் காட்டாவிட்டால் கரையில் குவித்திருக்கும் வலைக்குள் போய்ப் போட்டுவிடும். நைலான் கண்ணியில் குட்டியின் கால் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும்.

உள்ளறை மூலையில் அட்டைப்பெட்டி வைத்தேன். படகிலிருந்து வந்த பழந்துணி வேண்டாம், டீசல் வாடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரமெல்லாம் கறுத்தபோது, இந்தக் குப்பத்து வலையும் படகும் என்ன ஆயின என்று எல்லாரும் பார்த்தோம். பூனை உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. மேலே ஒட்டுவது வயிற்றுக்குள் போகும், காம்பில் ஒட்டினால் குட்டிக்கும் போகும். அம்மாவின் பழைய பருத்திப் புடவையைத் துவைத்து விரித்தேன். அந்த அறைக்குப் பினாயிலும் கிடையாது. பூனைக்கு அது விஷம்.

புதன்

காரப்பொடி மீன் தலையை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பிரசவத்துக்கு ஒரு நாள் இருக்கும்போது உடல் சூடு 37.8 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெர்மாமீட்டர் வைக்க விடவில்லை. வற்புறுத்தவில்லை.

எனக்கு உண்மையான கவலை, பிரசவம் சிக்கலானால் போக வேண்டிய ரோட்டைப் பற்றித்தான். இங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 15 கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவே முடியாது. கிட்டத்தில் ஆஸ்பத்திரி இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், நாம் முன்னாலேயே கிளம்பியாக வேண்டும். தெரிந்த ஆட்டோ அண்ணனிடம், "ராத்திரி கூப்ட்டாலும் வரணும்ணா" என்று சொல்லி வைத்தேன்.

வியாழன் இரவு

வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, பெட்டியைப் பிறாண்டியது. விளக்கைக் குறைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். பக்கத்து வீட்டு ஆயா மட்டும் கூட இருந்தார்.

முதல் குட்டி சுலபமாக வந்தது. மடவையே சவ்வைக் கிழித்து, கொடியைக் கடித்து, நஞ்சையும் தின்றது. இரண்டாவதற்குப் பின்னங்காலும் வாலும் முதலில் தெரிந்தன. ஆயா பதறி, "புடிச்சு இழும்மா" என்றார். "வேணாம் ஆயா, பூனைக்கு இப்படியும் வரும்" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். பலமாக முக்கி 20 நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்குள் குட்டி வராவிட்டால் ஆட்டோ. அதுதான் நான் போட்டிருந்த கோடு. நாலைந்து முக்கலில் வந்துவிட்டது.

ஆனால் மடவை களைத்துப்போய் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கை மூடியிருந்த சவ்வை நான் விரலால் விலக்கினேன். உலர்ந்த துண்டில் வைத்து, தலை சற்றுத் தாழ இருக்கும்படி பிடித்து, முதுகைத் தேய்த்தேன். சத்தமில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பிறகு கீச்சென்று கத்தியது. எனக்குக் கை நடுங்கியது, ஆயா அழுதுவிட்டார்.

மூன்றாவதும் நான்காவதும் நள்ளிரவுக்கு மேல். இடையில் நெடுநேரம் எதுவும் வரவில்லை. ஆனால் முக்கல் இல்லை, கெட்ட வாடை இல்லை, பிறந்தவற்றுக்குப் பால் கொடுத்தபடி அமைதியாகப் படுத்திருந்தது. அந்த ஓய்வு பூனைக்கு இயல்பு. குட்டிக்கொரு நஞ்சு என்று எண்ணிக்கொண்டேன். நான்கும் விழுந்துவிட்டன.

வெள்ளி

கடற்காற்று சில்லென்று அடிக்கிறது. குட்டிகளுக்கு இப்போது தம் உடல் சூட்டைத் தாமே காக்கத் தெரியாது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்திருக்கிறேன், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். ஆயா மீன் நிறுக்கும் தராசை வாங்கிக் கழுவி எடை பார்த்தேன். எல்லாம் 100 கிராமை ஒட்டி. பின்னங்காலோடு வந்தது மட்டும் 85. தினம் பத்து கிராமாவது ஏற வேண்டும். சின்னதைப் பால் அதிகமுள்ள பின்காம்பில் விட்டேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஞாயிறு

சின்னது 105. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். கடுவன் வெளியே சுற்றுகிறது, பால் கொடுக்கும்போதே மடவை மறுபடி சினையாகிவிடும். குட்டிகள் பால் மறந்ததும் மடவைக்குக் கருத்தடை செய்ய வேப்பேரிக்குப் போக வேண்டும்.

ஆயா வந்து, "வலை வைக்கிற கொட்டாயில எலி தாங்கல, ஒண்ணு எனக்குக் குடும்மா" என்றார்.

"தரேன் ஆயா. எட்டு வாரம் ஆவட்டும்."